எட்டாம் எண் ஜெர்சி

ஏப்ரல் 13, ஞாயிறு

ஓரளவு நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் அணியைக் கலைத்தால்தான் அதைவிட நல்ல அணி கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால், அவரை நம்பிக் காத்திருப்பதா, அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதா? எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இதற்கு விடை சொல்ல வரவில்லை.

இன்று மாலை திண்டுக்கல் அணியுடன் நட்பு ஆட்டம். தோற்றோம். பாலகுரு மேனேஜராக வந்த பத்து மாதத்தில் இது பதினோராவது ஆட்டம், ஒன்பதாவது தோல்வி. போடியில் எங்கள் கழகத்துக்கு அறுபது வருடச் சரித்திரம் உண்டு. ஏலக்காய் விலையைவிடக் கூடைப்பந்தைப் பற்றி இங்கே அதிகம் பேசுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், சென்னையிலிருந்து வந்த மனிதர் ஒரே வாரத்தில் ஐந்து மூத்த ஆட்டக்காரர்களை நிறுத்தினார். அதில் கேப்டன் அழகுராஜாவும் ஒருவன். மித்ரன் போன்ற பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களை இறக்கிவிட்டு, "மூணு வருஷம் பொறுங்க" என்றார்.

கேலரியில் என் இடம் கிழக்குப் பக்கம், நான்காவது படி. எனக்கு முன்னால் ஜெராக்ஸ் கடை சடையாண்டி. பக்கத்தில் ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் ரொசாரியோ. ஆட்டம் முடிந்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

"மூணு வருசமா? எனக்கு சுகரு இருநூத்தி எண்பது. மூணு வருசம் நான் இருக்கணும்ல?" என்றார் சடையாண்டி.

"நீ இல்லாட்டியும் டீம் இருக்கும்யா. வாழக் கன்னு வச்ச மறுநாளே தாரு கேட்டா எப்பிடி?"

"தார் போட்ட வாழைய வெட்டிட்டுல்ல கன்னு வைக்கிறாரு ஒங்காளு. அழகுராஜாவ எதுக்குய்யா நிறுத்துனாரு? அதச் சொல்லு."

"ஏதோ கணக்குப் பாத்தாராம். பேப்பர்ல இருக்காம்."

"பேப்பரு! பந்து பேப்பர்லயா குதிக்குது?" என்ற சடையாண்டி என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க கணக்கு வாத்தியாரு. நீங்க சொல்லுங்க."

"விவரம் போதாதுங்க" என்றேன்.

அவர் மரியாதையாகத் தலையாட்டினார். படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்ற தலையாட்டல்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி, வடை. வாட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பது செய்திகள். நான்கு வாழ்த்துகள், மீதி எல்லாம் பாலகுரு.

ஏப்ரல் 17, வியாழன்

விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கிவிட்டது. திரும்பும்போது பேக்கரியில் பாலகுருவைப் பார்த்தேன். மனைவிக்கு ரொட்டி வாங்க வந்திருந்தார். அவருடைய மனைவி இந்த ஊர்க்காரர். அதனால்தான் ரயில்வேயில் ஓய்வு பெற்றதும் இங்கே வந்தார். ஒரு காலத்தில் ரயில்வே அணிக்கு ஆடியவர். முழங்கால் இரண்டும் போய்விட்டன. படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுகிறார்.

"கேலரில என்ன பேசிக்கிறாங்க மேடம்?"

"பொறுமையாத்தான் இருக்காங்க."

அவர் சிரித்தார். "நீங்க நல்லா பொய் சொல்றீங்க. பரவால்ல. மித்ரன் ஒருத்தன் நின்னுட்டா போதும் மேடம், டீம் தானா நிக்கும். உங்க அட்டவணைதான் எனக்குத் தைரியம்."

கடைக்காரர் காதில் விழுந்திருக்குமோ என்று பார்த்தேன். அவர் கேக்கில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

அட்டவணை நான் போட்டதுதான். இந்த நோட்டில்கூட அதை இதுவரை எழுதியதில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

சென்ற ஜூலையில் பாலகுரு துறைக்கே வந்தார். கையில் ஒரு பென் டிரைவ். அவர் பொறுப்பேற்பதற்கு முன்பு, மே மாதம் எங்கள் அணி தஞ்சாவூரில் ஆடிய ஏழு ஆட்டங்களின் காணொளி அதில் இருந்தது. "நான் இந்தப் பசங்க ஆட்டத்தப் பாத்ததில்ல மேடம். யாரக் கேட்டாலும் அவங்கவங்க சொந்தக்காரப் பையனச் சொல்றாங்க. எண்ணிச் சொல்ல ஒரு ஆள் வேணும்." இருபது வருடத்தில் இந்த ஊரில் ஓர் ஆண் என் படிப்பின் பொருட்டு என்னிடம் கேட்ட முதல் உதவி அது. மூன்று வாரம் உட்கார்ந்து எண்ணினேன். காணொளி, கைப்பேசியை அரங்கத்தின் உச்சிப் படியில் நிறுத்தி எடுத்தது. ஆள் கட்டைவிரல் உயரம் தெரிவான். முகம் தெரியாது, முதுகில் இருக்கும் எண் தெரியும். எட்டாம் எண் அழகுராஜா: ஏழு ஆட்டத்தில் முப்பத்தொரு முறை பந்தை எதிரியிடம் இழந்திருக்கிறான். பதினான்காம் எண் மித்ரன்: எறிந்ததில் பாதிக்கு மேல் கூடையில். முதல் போட்டித் தொடரிலேயே அப்படி ஆடிய பையன்.

என் பெயர் வெளியே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று குழுவில் சடையாண்டி ஒரு படம் போட்டார். சாமான் ஏற்றிய லாரி, அதன் உச்சியில் பாலகுருவின் தலை. கீழே, "வந்த வேலை முடிந்தது, வண்டி தயார்." அறுபது பேர் சிரித்திருந்தார்கள். ரொசாரியோ மட்டும், "வயதுக்கு மரியாதை கொடுங்கள்" என்று எழுதியிருந்தார். அவரையும் கேலி செய்தார்கள்.

என் விரல் தவறிக் கட்டைவிரல் குறியில் பட்டுவிட்டது.

தவறிப் பட்டதை எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. சடையாண்டி உடனே, "மேடமே சொல்லிட்டாங்க!" என்று போட்டார்.

மே 4, ஞாயிறு

கோடைப் போட்டி. சொந்த ஊரில், சொந்தக் கேலரிக்கு முன்னால் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். 71–48. மித்ரன் பந்தைத் தொடும்போதெல்லாம் மேற்குக் கேலரி, "பாலகுரு பேரன்! பாலகுரு பேரன்!" என்று கேலியாகக் கத்தியது. மூன்றாம் பகுதியில் அவன் தொடர்ந்து நான்கு முறை பந்தை இழந்தான். பாலகுரு அவனை வெளியே எடுக்கவில்லை. அவன் நிலைத்து நின்றுவிடுவான் என்று கடைசி நிமிடம் வரை நம்பினார். என் அட்டவணையைப் படித்த எவரும் அப்படித்தான் நம்புவார்கள்.

"இவன் இன்னைக்கு மட்டும் சொதப்பல மேடம்," என்றார் சடையாண்டி, கடலைத் தோலை ஊதிக்கொண்டே. "பொறந்ததே அப்பிடித்தான். போன வருசம் தஞ்சாவூருக்கு நானும் வேன்ல போனேன்ல? கேப்டன் ஜெர்சிய மாட்டிக்கிட்டு என்னா சொதப்புச் சொதப்புனான்!"

"யார் ஜெர்சியை?"

"அழகுராஜா ஜெர்சிய. எட்டாம் நம்பரு."

"அவன் ஏன் அதைப் போட்டான்?"

"அது நம்ம டீம் வழக்கம்ல மேடம். வெளியூர்ல மொத மொத எறங்குறவனுக்கு அந்தப் போட்டி முழுக்கக் கேப்டன் தன் ஜெர்சியக் கழட்டிக் குடுத்துருவான். ராசி. இவன் ஜெர்சியக் கேப்டன் போட்டுக்குவான். ஒங்களுக்குத் தெரியாதா? பத்து வருசமா கேலரில இருக்கீங்க!"

"வேன்ல பொம்பளைங்கள ஏத்துனாத்தான தெரியும்?" என்றார் ரொசாரியோ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து தோசைக்கு மாவு அரைத்தேன். உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவில்லை.

மே 5, திங்கள்

முகாமுக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலை ஒன்பது மணி முதல் ஏழு காணொளிகளையும் மறுபடி பார்த்தேன்.

அழகுராஜா வலது கைக்காரன். மித்ரன் இடது கை. எட்டாம் எண் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறான், இடது கையால் எறிகிறான், எதிரியிடம் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைக்கிறான். அதுவும் இடது கைதான். பதினான்காம் எண் எறிவதற்கு முன் வலது முழங்கையை ஒருமுறை உதறுகிறான். கிழக்குக் கேலரி நான்காம் படியிலிருந்து அந்த உதறலைப் பத்து வருடம் பார்த்திருக்கிறேன். காணொளியில் எனக்கு அது தெரியவில்லை. கையை நான் பார்க்கவே இல்லை, எண்ணைத்தான் பார்த்தேன்.

சந்தேகத்துக்கு இடமில்லை. நல்ல ஆட்டக்காரனின் கணக்கு பையன் பெயரிலும் பையனின் தடுமாற்றம் நல்ல ஆட்டக்காரன் பெயரிலும் ஏறியிருக்கிறது. பாலகுரு அதை வைத்து ஒருவனை அனுப்பினார், ஒருவனைச் சுற்றி அணியைக் கட்டினார்.

முதலாண்டு மாணவர்களுக்கு என் முதல் வகுப்பு எப்போதும் ஒன்றுதான்: எண்ணத் தொடங்குவதற்கு முன்னால், எதை எண்ணுகிறீர்கள் என்று ஒருவரிடம் விசாரியுங்கள். ஒரு போன் செய்திருந்தால் போதும். சடையாண்டி எண் என்னிடம் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்று கேட்பார், நான்தான் எண்ணுகிறேன் என்று தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. இதற்குத் தன்னடக்கம் என்று பெயர் கிடையாது.

மே 8, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. பாலகுருவிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

குழுவில் அறிவிப்பு வந்துவிட்டது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கழகத்தின் சிறப்புப் பொதுக்குழு. ஒரே பொருள்: மேனேஜரை நீக்கும் தீர்மானம். ஆயுள் உறுப்பினர் என்ற முறையில் எனக்கும் ஓட்டு உண்டு.

பாலகுரு பதவிக்கு ஏங்குகிறவர் அல்ல. ஓய்வூதியம் இருக்கிறது. ஆனால் பேக்கரியில் அவர் பேசியபோது முகத்தைப் பார்த்தேன். முழங்கால் போன ஒரு மனிதருக்கு ஆட்டம் இன்னும் மிச்சமிருக்கும் இடம் அந்த மைதானம் ஒன்றுதான்.

மதியம் இன்வெர்ட்டர் கூவிக்கொண்டே இருந்ததால் கடைக்குப் போன் செய்தேன். ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள். கதவைத் திறந்தால் அழகுராஜா. பேட்டரிக் கடையில் வேலை செய்கிறான் என்று தெரியும். வீட்டுக்கே வருவான் என்று நினைக்கவில்லை. பத்து வருடம் அவனுக்குக் கை தட்டியிருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. காதோரம் நரைத்திருக்கிறது. முப்பத்தொரு வயது.

"ஒண்ணும் ரிப்பேரு இல்ல மேடம். பேட்டரிக்குத் தண்ணி ஊத்தாம விட்டுருக்கீங்க" என்றான்.

காபி கொடுத்தேன். பொதுக்குழுவுக்கு வருகிறானா என்று கேட்டேன்.

"வரணும்னுதான் சடையாண்டி அண்ணே சொல்லுறாரு. நான் எதும் பேச மாட்டேன் மேடம். அந்தாளு மேல எனக்குக் கோவம் இல்ல. அன்னைக்குக் கூப்புட்டு ஒரு பேப்பர நீட்டுனாரு. எல்லாம் இதுல இருக்கு தம்பி, பாருங்கன்னாரு. நான் பாக்கல. மடிச்சு டேபிள்ல வச்சுட்டு வந்துட்டேன்."

"ஏன் பார்க்கவில்லை?"

"பதிமூணு வருசம் ஆடுனவன எவனோ ஒருத்தன் கோடு போட்டு எழுதி வச்சிருக்கான். அதப் படிச்சு நான் என்னத்தத் தெரிஞ்சுக்கப் போறேன்?" டம்ளரை அலம்பி வைக்கப் போனான், தடுத்தேன். "ஆனா ஒண்ணு மேடம். அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. உண்மையிலேயே மோசமாத்தான் ஆடுனோமோன்னு. தஞ்சாவூர்ல நல்லா ஆடுனதா நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப பந்தத் தொட்டே எட்டு மாசமாச்சு."

அவன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அலமாரியில் அந்த அட்டவணையின் நகல் இருந்தது, நான்கு அடி தூரத்தில். "நல்லாத்தான் ஆடினீங்க" என்றேன்.

"நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்க" என்று சிரித்துவிட்டுப் போனான். கேலரிக்காரர்கள் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன் என்று எடுத்துக்கொண்டான்.

மே 14, புதன்

சொல்லவில்லை. மூன்று முறை போனை எடுத்தேன். மூன்றாம் முறை மணி அடித்து, அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். அவர் திரும்ப அழைத்தார். கை பட்டுவிட்டது என்றேன்.

மே 17, சனி

இன்று காலை பாலகுருவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் மனைவி முறுக்கும் காபியும் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் முன்னுரை எதுவும் போடவில்லை. வழக்கத்தைச் சொன்னேன், ஜெர்சி மாறியதைச் சொன்னேன், இடது கையைச் சொன்னேன். இரண்டு நெடுவரிசைகளையும் இடம் மாற்றிப் படித்தால் எல்லாம் சரியாக வரும் என்றேன். என் குரல் வகுப்பில் இருப்பது போலவே இருந்தது. அதைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை.

அவர் வெகுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்போ ஊர்க்காரங்க சொன்னது சரி" என்றார் கடைசியில்.

"அழகுராஜா விஷயத்தில் சரி. பையன்களை வைத்து அணி கட்டுவது சரியா தப்பா என்று இதிலிருந்து சொல்ல முடியாது."

"இன்னமும் வகுப்பு எடுக்கறீங்களே மேடம்." அதில் கோபம் இல்லை. களைப்புதான். "எப்போ தெரிஞ்சுது?"

"நாலாம் தேதி சந்தேகம். ஐந்தாம் தேதி உறுதி."

இன்று பதினேழு என்று இருவருக்குமே தெரியும். அவர் கணக்குப் பார்ப்பது போலச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அதற்குள் அழகுராஜாவைக் கூப்பிட்டிருக்கலாம், பேசியிருக்கலாம், தீர்மானமே வராமல் செய்திருக்கலாம். பன்னிரண்டு நாட்கள்.

"மித்ரனுக்குத் தெரிய வேணாம்," என்றார். "பையன் உடைஞ்சிடுவான். அவன் மேல தப்பே இல்ல. மத்தபடி நாளைக்கு நான் பாத்துக்கறேன். ஆளப் பாக்காம பேப்பரப் பாத்தது நான். உங்க பேர் எதுக்கு? வேணாம்."

அந்த நொடியில் எனக்குள் ஏதோ இளகியது. நிம்மதி. அதை மறைக்க முடிந்ததா என்று தெரியவில்லை. உடனே, "இல்லை, நானே எழுந்து சொல்கிறேன். அது என் கணக்கு" என்றேன்.

"சொல்வீங்களா?"

"சொல்வேன்."

"சொன்னா நல்லாருக்கும்," என்றார் பாலகுரு. முதல் முறையாகக் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்குன்னு இந்த ஊர்ல சாட்சி சொல்ல யாரும் இல்ல."

மாலையில் நான்கு வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்தேன். "அட்டவணையைத் தயாரித்தது நான். ஜெர்சி மாற்றும் வழக்கம் எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. அழகுராஜா தஞ்சாவூரில் மிகச் சிறப்பாக ஆடினார். பாலகுரு சார் என்னை நம்பியதைத் தவிர வேறு தவறு செய்யவில்லை." மித்ரன் பெயர் வராமல் எழுதுவதற்கு நான்கு முறை திருத்த வேண்டியிருந்தது. சத்தமாகப் படித்துப் பார்த்தேன். முப்பது விநாடிகூட ஆகவில்லை.

கத்தரிப்பூ நிறச் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். நாளை சொல்வேன்.

மே 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொடக்கப் பள்ளி மண்டபத்தில் கூட்டம். எழுபது பேர் இருக்கலாம். பெண் நான் ஒருத்திதான். தலைவர் சுந்தரவேல் எனக்காக முன்வரிசையில் நாற்காலி போடச் சொன்னார். மூன்றாம் வரிசையே போதும் என்றேன். பாலகுரு மேடைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பெஞ்சில் இருந்தார். அழகுராஜா கடைசியில், சுவரில் சாய்ந்து நின்றான்.

சடையாண்டிதான் தொடங்கினார். பட்டியல் போட்டுப் பத்துத் தோல்விகளையும் படித்தார். பிறகு கேட்டார்: "கேப்டன எந்தக் கணக்க வச்சு அனுப்புனீங்க? அந்தப் பேப்பர எழுதுனது யாரு? அத மட்டும் இந்தச் சபைல சொல்லுங்க, போதும்."

பாலகுரு எழுந்தார். பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தரையைப் பார்த்தபடி நின்றார். அவர் எனக்கு இடம் விட்டு நிற்கிறார் என்று புரிந்தது.

நான் எழுந்தேன்.

"ஏய், ஒக்காருங்கப்பா. மேடம் பேசட்டும்" என்றார் தலைவர். மண்டபம் அடங்கியது. எழுபது முகங்களும் திரும்பின. எல்லாவற்றிலும் அந்தப் பழைய மரியாதை. முதல் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"இந்தப் பக்கம் ஃபேன் ஓடலைங்க" என்றேன்.

ஒருவர் எழுந்து சுவிட்சைப் போட்டார். யாரோ, "மேடத்துக்குப் புழுங்குதுப்பா" என்றார். சிரிப்பு. உட்கார்ந்தேன்.

ஃபேன் முழு வேகத்துக்கு வரும்வரை பாலகுரு காத்திருந்தார். அதற்குப் பிறகுதான், "நான்தான் போட்டேன். கணக்கு தப்பு. அழகுராஜா, என்ன மன்னிச்சிடுங்க" என்றார். கூச்சல் எழுந்தது. "தப்புன்னு இப்பத்தான் தெரியுதா?" என்று பலர் கத்தினார்கள். ரொசாரியோ மட்டும், "ஒத்துக்கிட்டாருல்ல, விடுங்கய்யா" என்றார். அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

கை தூக்கி ஓட்டு. நீக்குவதற்கு ஐம்பத்திரண்டு, வேண்டாம் என்று ஒன்பது. நான் எதற்கும் தூக்கவில்லை. பாலகுரு மைதானத்துச் சாவியைத் தலைவர் மேசையில் வைத்தார். ஆனால் வெளியே போகவில்லை. கூட்டம் முடியும்வரை இருப்பதுதான் முறை என்று உட்கார்ந்துகொண்டார்.

கலையும் நேரத்தில் சடையாண்டி மறுபடி எழுந்தார். "இனிமே டீம் எடுக்குறதுன்னா, வாய்க்கு வந்த கணக்கு வேணாம். கணக்கு தெரிஞ்சவங்க, யாரு பக்கமும் சாயாதவங்க ஒருத்தரு கமிட்டில இருக்கணும். நம்ம புரபசர் மேடத்தப் போடுவோம்."

"நல்ல யோசனை" என்றார் தலைவர். "மேடம், உங்களுக்குச் சம்மதமா?"

எனக்கு நேரம் கொடுத்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"சரிங்க" என்றேன்.

"யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" தலைவர் மண்டபம் முழுவதும் பார்த்தார். பெஞ்சில் பாலகுரு இரண்டு கைகளையும் முழங்கால்கள் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். கைகள் அங்கேயே இருந்தன.

பின்னால் ஒருவர் கை தட்டத் தொடங்கினார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். திரும்பிப் பார்த்தேன். முதலில் தட்டியவன் அழகுராஜா.